குறை எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டும்!

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வண்டி ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. சிக்னலில் நின்றால் நடுங்குகிறது. கிளப்பும்போது திணறுகிறது. ஸ்டியரிங்குக்கு எதிரே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறது. சொந்தக்காரர் தெருக்கோடிப் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போகிறார். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்கிறார்.

"பிளக் போயிருக்கு சார். நாலையும் மாத்திடலாம்."

மாற்றியாயிற்று. இரண்டு நாள் நன்றாக ஓடுவது போலத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் மறுபடியும் நடுக்கம், மறுபடியும் விளக்கு. இப்போது காயில் என்கிறார்கள். அதுவும் மாற்றியாயிற்று. அடுத்தது சென்சார். அது ஆயிரக் கணக்கில் பணம் கேட்கும் சமாசாரம். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அதையும் வாங்கிப் போடுகிறார். விளக்கு அணைந்தபாடில்லை. கடைசியில் வேறொரு பட்டறையில் வேறொருவர், இன்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். முன்பு மாற்றிய சாமான்களோடு பார்த்தால் குழாயின் விலை ஒரு விலையே அல்ல. வேலையோ கால் மணி நேரம்.

முதல் மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று சொந்தக்காரர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லுவார். பெரும்பாலும் அது உண்மையாக இராது. அந்த மனிதர் தமக்குத் தெரிந்தவரையில் யோக்கியமாகத்தான் வேலை செய்தார். கழற்றவும் மாட்டவும் அவருக்குக் கை நன்றாக வந்திருக்கிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒழுங்காகத் தேடும் முறையை மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மோட்டார் ரிப்பேர்த் தொழிலின் இன்றைய சங்கடம் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் முடிச்சு விழுந்து கிடக்கிறது. இத்தொழிலுக்குப் பையன்களைத் தயார் செய்யும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள், அதாவது ஐ.டி.ஐ.க்கள், முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சும் இதுவே.

காது கேட்ட காலம்

பழைய மெக்கானிக்குகளைக் குறைவாக எடை போடுவது பெரும் பிசகு. 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கினார். 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் பிறந்தது. இத்தனை வண்டிகளும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓயாமல் ஓடியது யாரால்? காலேஜ் வாசலைக் கண்டிராத, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டைக்காரர்களால்தான்.

அந்தக் காலத்து வண்டியில் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, மூக்குக்கு எட்டியது. பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பார்கள். கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பது போல எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினால் இன்ஜின் சத்தம் மாறும். அந்த மாற்றமே விடை. அம்பாஸடர் காரை இப்படி ஆயுள் முழுவதும் பார்த்துத் தேர்ந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். 2014இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று.

அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் பட்டறையில் விட்டுவிடுவார்கள். முதல் வருஷம் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவ வேண்டும். "டேய், பன்னெண்டு பதிமூணு எடுடா" என்றால், "இந்தாங்கண்ணே" என்று அந்த அளவு ஸ்பேனரை நொடியில் நீட்ட வேண்டும். தவறான ஸ்பேனரை நீட்டினால் தலையில் ஒரு குட்டு விழும். இன்ஜினைத் தொட விடுவதற்கு நாலு வருஷம் ஆகும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் பதில் வராது. பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வாசல் இப்போது அடைபட்டுவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. இது நல்லதுதான், பத்து வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பழைய வாசலை அடைத்தவர்கள் புதிய வாசலைத் தாராளமாகத் திறந்து வைக்க வேண்டாமா? அந்தப் புதிய வாசல்தான் ஐ.டி.ஐ.

விளக்கு என்ன சொல்கிறது?

இதற்குள் வண்டியும் மாறிவிட்டது. புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகின. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலில் தேசம் முழுவதற்கும் வந்தது. ஐந்தாம் படியை ஒரேயடியாகத் தாண்டி, 2020 ஏப்ரலில் ஆறாம் படி வந்தது. கார்களிலிருந்து முன்பே விடைபெற்றிருந்த கார்புரேட்டர், புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் அநேகமாக மறைந்தது. இப்போது எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்று தீர்மானிப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். உள்ளே போகும் காற்றையும், வெளியே வரும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனையும் அது அளந்துகொண்டே இருக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் மஞ்சள் விளக்கை ஏற்றி, ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது.

ஸ்கேனர் என்ற கருவியைச் செருகினால் அந்த எண் தெரியும். இதைக் கொண்டு பலரும் நினைப்பது, "இனி மெக்கானிக்குக்கு மூளை வேண்டாம், கருவியே சொல்லிவிடும்" என்பது. உண்மை இதற்கு நேர் எதிர்.

'பி 0171' என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். எந்தச் சாமான் கெட்டிருக்கிறது என்று இந்த எண் சொல்லவே இல்லை. எங்கோ ஒரு குழாய் விரிந்து, அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். பில்டர் அடைத்திருக்கலாம். புகைக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலந்திருக்கவும் கூடும். "ஆக்ஸிஜன் குறித்து ஏதோ சொல்கிறது, ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று" என்று புறப்படுகிறவர் வாடிக்கைக்காரரின் பணத்தைத் தெருவில் கொட்டுகிறார். அந்தச் சென்சார் உண்மையைச் சொன்ன சாட்சி. சாட்சியைத் தூக்கிலிட்டால் வழக்குத் தீராது.

முறை தெரிந்தவர் என்ன செய்வார்? ஸ்கேனரில், கம்ப்யூட்டர் தானாக எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிப் போடுகிறது என்று பார்ப்பார். இன்ஜின் சும்மா ஓடும்போது அந்தக் கணக்கு அதிகமாக இருந்து, வேகத்தைக் கூட்டியதும் இறங்கினால் காற்றுக் கசிவு என்று சந்தேகிப்பார். ஏனென்றால், சும்மா ஓடும்போது உள்ளே போகும் காற்றே சொற்பம். அதில் ஓட்டை வழியே வருவது பெரும் பங்கு. வேகத்தில் அதே ஓட்டை ஒரு பொருட்டல்ல. மாறாக, மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் கணக்கு மோசமானால் பம்பையும் பில்டரையும் பார்ப்பார். காற்றுக் கசிவுதான் என்று தெரிந்தால் காற்று வழியில் புகையைச் செலுத்துவார்; எங்கே புகை வெளிவருகிறதோ அங்கே ஓட்டை. இத்தனைக்கும் ஒரு சாமான்கூடக் கழற்றப்படவில்லை, ஒரு ரூபாய்க்கும் ஸ்பேர் வாங்கவில்லை.

இன்னொன்று, இதைவிட எளிது. முதல் சிலிண்டர் தவறி எரிகிறது என்று கருவி சொல்கிறது. நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனிக் காயில் உள்ள வண்டி. முதல் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டி ஓட்டிப் பார்த்தால், கோளாறு இரண்டாம் சிலிண்டருக்கு மாறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். மாறினால் காயில் குற்றவாளி. நின்றால் காயில் நிரபராதி. வேறு இடம் தேட வேண்டும். பத்து நிமிஷ வேலை. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் சொல்லும் பரிசோதனை முறைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கம்மியர் படிப்பு

ஐ.டி.ஐ.யில் இந்தப் பிரிவுக்குத் தமிழில் 'கம்மியர் மோட்டார் வண்டி' என்று பெயர். கம்மியர் என்பது சங்க நூல்களிலேயே உள்ள சொல். கைவினைஞர் என்று பொருள். சர்க்கார் இலாகாக்கள் சூட்டும் பெயர்கள் பலவற்றில் இது ஒன்று உண்மையிலேயே அழகாக அமைந்துவிட்டது. பையன்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'எம்.எம்.வி.' என்கிறார்கள்.

இந்திய சர்க்கார் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தது இது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். இரண்டு வருஷம். முதலில் பைல் பிடித்து இரும்பை ராவும் வேலை. பிறகு அளவு: வெர்னியர், மைக்ரோமீட்டர், பீலர் கேஜ். பல மாணவர்களுக்கு இந்த இடத்தில் சலிப்புத் தட்டும். "கார் ரிப்பேர் படிக்க வந்தால் இரும்புத் துண்டைத் தேய்க்கச் சொல்கிறார்களே" என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கத் தெரிவது இந்தப் படிப்பின் உயிர்நாடி. சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா என்பது விரலால் தடவிப் பார்த்துச் சொல்லும் விஷயமல்ல. சிலிண்டர் ஹெட்டைப் பூட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன வரிசையில், சொன்ன இறுக்கத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக டார்க் ரெஞ்சு வைத்து முடுக்க வேண்டும். "என் கைக்குத் தெரியும்" என்று பலம் காட்டினால் ஹெட் கோணும், கேஸ்கெட் போகும், ஆயிலும் தண்ணீரும் கலக்கும்.

பிரேக் விஷயத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ள இழுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர அளவு. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, எண்ணெய் கொதித்து, ஆவிக் குமிழ் உண்டாகும். மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. "எண்ணெய் மட்டம் சரியா இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. மட்டத்தைப் பார்த்தவர் வயதைக் கேட்கவில்லை. ஒரு குடும்பமே அந்த வண்டியில் இருக்கிறது.

பாடத்திட்டத்தில் இவையெல்லாம் இல்லாமல் இல்லை. கோளாறு கண்டறியும் பயிற்சியும் இருக்கிறது. 1986இல் சென்னையில் அமைந்த தேசிய பயிற்றுக்கருவி நிறுவனம் இதற்கான புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. வருஷத்துக்கு 150 மணி நேரம் வெளியே தொழிலிடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்றும் இப்போது விதி இருக்கிறது. காகிதத்தில் குறை சொல்ல இடம் குறைவு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோளாறு தேடக் கற்பதற்குக் கோளாறுள்ள வண்டி வேண்டும். வெட்டி வைத்துப் பெயின்ட் அடித்த இன்ஜின் மாதிரியில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று காட்டலாம். அது ஏன் திணறுகிறது என்று காட்ட முடியாது. இருபது பையன்களுக்கு மேல் ஒரு வகுப்பில் நிற்க, ஓடக்கூடிய இன்ஜின் ஒன்றிரண்டுதான் என்றால், முன்வரிசையில் நிற்கும் நாலு பேர் கற்பார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இப்போதைய வண்டி வேண்டும். அதில் வாத்தியார் வேண்டுமென்றே ஒரு பியூஸைப் பிடுங்கி வைக்க வேண்டும், ஒரு குழாயைத் தளர்த்தி வைக்க வேண்டும், ஒரு ஒயரின் இணைப்பில் துரு ஏற்றி வைக்க வேண்டும். பையன் ஸ்பேனரைத் தொடுமுன், என்ன சந்தேகிக்கிறான், அதை எப்படிச் சோதிக்கப் போகிறான் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பரீட்சையும் அப்படியே நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு இப்போது நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. வெடித்த ரப்பர்க் குழாயைத் தேடும்போது பானெட்டுக்குள் நாலு விடை எழுதி ஒட்டியிருக்காது.

இதில் மொழியும் ஒரு முட்டுக்கட்டை. ஸ்கேனரும் கம்பெனிக் கையேடும் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ். 'லீன்' என்று திரையில் வருவதைப் பார்த்து, ஒல்லி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம் என்று பையன் விழிக்கிறான். இங்கிலீஷ் இலக்கணம் முழுவதும் அவனுக்கு வேண்டாம். தொழிலில் வரும் சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் இரண்டு வரி விளக்கம் போட்டு, சட்டைப் பையில் வைக்கும் அளவில் ஒரு புத்தகம் கொடுத்தால் போதும். பெரிய செலவில்லாத காரியம்.

மற்ற தேசங்களில்

அமெரிக்காவில் இதே பயிற்சியைச் சமுதாயக் கல்லூரிகள் தருகின்றன. அந்தந்த வட்டாரத்து மக்களுக்காகவே நடக்கும், செலவு குறைந்த இரண்டு வருஷக் கல்லூரிகள் அவை. 1979இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மிச்சிகன் மாகாணத்து டெல்ட்டா கல்லூரியோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. மாணவன் சில வாரம் கல்லூரியில் படிப்பான், சில வாரம் அக்கம்பெனியின் விற்பனை நிலையத்துப் பட்டறையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பான், மறுபடி கல்லூரி. பட்டறையில் புரியாததை வகுப்பில் கேட்கலாம். வகுப்பில் கேட்டதைப் பட்டறையில் செய்து பார்க்கலாம். வண்டியும் கருவியும் கம்பெனி கொடுத்தது. மற்றக் கம்பெனிகளும் பிறகு இந்த வழிக்கு வந்தன.

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கார் மெக்கானிக், கார் எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக இருந்த இரண்டு பயிற்சிகளையும் 2003இல் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். காலம் மூன்றரை வருஷம். நம் ஊரில் இன்றைக்கும், "இது ஒயரிங் கம்ப்ளைன்ட் சார், எலக்ட்ரீஷியனைப் பாருங்க" என்று மெக்கானிக் கைகாட்டுவார். எலக்ட்ரீஷியன், "ஒயரிங் கரெக்டா இருக்கு, இன்ஜின்லதான் ஏதோ" என்று திருப்பி அனுப்புவார். நடுவில் வண்டிக்காரர் பந்தாடப்படுகிறார். வண்டியே ஓடும் கம்ப்யூட்டர் ஆகிவிட்ட பிறகு இந்தப் பாகப்பிரிவினைக்கு அர்த்தமில்லை.

மூன்றரை வருஷம் நம்மவர்களுக்குத் தாங்குமா என்ற கேள்வி எழும். காலத்தைப் பற்றி ஜி. டி. நாயுடுவுக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டு, ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றவர் அவர். 1945இல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஏற்பட அவரே காரணம். பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் தண்டம், பாதிக் காலம் போதும் என்று வாதாடினார், சர்க்கார் ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிதான் அது. நாயுடு போன்ற மேதைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றே சர்வகலாசாலை. எல்லாப் பையன்களும் நாயுடு ஆவதில்லை. ஆனால் அவர் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது: கையில் யந்திரம் இல்லாமல் கழியும் வருஷத்தைப் படிப்பு என்று கணக்கெழுதக்கூடாது.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 71 அரசினர் ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு சேர்ந்து புதுப்பிக்கும் திட்டம் வந்தது. 2023இல் புதிய கூடங்கள் திறக்கப்பட்டன. மின்சார வண்டி மெக்கானிக் பிரிவும் சேர்ந்தது. கட்டடமும் கருவியும் வந்துவிட்டன. அடுத்த கேள்வி, அந்தக் கருவிகளை வாரத்தில் எத்தனை மணி நேரம் பையன்கள் கையில் கொடுக்கிறார்கள் என்பது. "கெட்டுப் போய்விடும், தொடாதே" என்று பூட்டி வைக்கும் பழக்கம் நம் நாட்டு லாபரட்டரிகளுக்குப் பழைய வியாதி.

ஆரஞ்சு ஒயர்

மின்சாரக் காரில் இந்தப் பயிற்சி உயிர்ச் சங்கதி ஆகிறது. சாதாரணக் காரின் பாட்டரி 12 வோல்ட். தொட்டால் ஒன்றும் ஆகாது. மின்சாரக் காரை ஓட்டும் பாட்டரி பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல், ஆளைக் கொல்லும். அந்தக் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பது அலங்காரத்துக்கல்ல. வேலை தொடங்குமுன் பாதுகாப்பு இணைப்பை எடுக்க வேண்டும். எடுத்த பின்னும், உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்குக் கையேட்டில் சொன்ன நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் நம்பக்கூடாது. ரப்பர்க் கையுறையோடு மீட்டர் வைத்து, மின்சாரம் இல்லை என்று பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். "இந்தாங்கண்ணே" என்று ஸ்பேனர் நீட்டிப் பார்த்துப் பார்த்துக் கற்கும் முறை இங்கே செல்லாது. முதல் தவறே கடைசித் தவறாகிவிடும்.

படித்து முடித்த பிறகு

இரண்டு வருஷம் முடித்துச் சான்றிதழோடு வெளியே வருகிறான் பையன். 1961ஆம் வருஷத்துச் சட்டப்படி தொழிற்பழகுநராகச் சேரலாம். 2019இல் திருத்திய விதிகளில் மாத உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இதை 36 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று 2025 மே மாதத்தில் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரைத்தது. வீட்டை விட்டு வந்து ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பையன், வாடகையும் சாப்பாடும் போக இதில் ஊருக்கு என்ன அனுப்புவான் என்பதைக் கணக்குப் போடக் கல்லூரிப் படிப்புத் தேவையில்லை.

அந்த விதிகள் 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களைத்தான் கட்டாயப்படுத்துகின்றன. ஊரில் பெரும்பாலான வண்டிகள் ரிப்பேராவது இரண்டு மூன்று பேர் உள்ள பட்டறையில். அந்தப் பட்டறைக்கு ஐ.டி.ஐ. பையன் வந்தால் மேஸ்திரிக்குக் கொஞ்சம் இளக்காரம், கொஞ்சம் பயம். "சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவே?" என்கிறார். பையனுக்கோ, "இவருக்கு மீட்டர் பார்க்கவே தெரியாது" என்ற எண்ணம். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்க எவ்வளவோ இருக்கிறது. துரு ஏறிய போல்ட்டை முறியாமல் கழற்றும் வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது மேஸ்திரியின் கையில் இருக்கிறது. மேஸ்திரிகளுக்கே மாலை நேரத்தில், வாரம் இரண்டு நாள், அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் புதிய வண்டிகளைப் பற்றி வகுப்பு நடத்தினால் என்ன? அவர்களில் பாதிப் பேர் கட்டாயம் வருவார்கள். பிழைப்பு நழுவுகிறது என்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் ஒரு குறை இருக்கிறது. மார்க் நன்றாக வந்தால் என்ஜினீயரிங், சுமாராக வந்தால் ஆர்ட்ஸ் காலேஜ், ஒன்றும் தேறாவிட்டால் ஐ.டி.ஐ. என்று பெற்றோர் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். "என் பையன் மெக்கானிக்" என்று கல்யாண வீட்டில் சொல்லத் தயங்கும் தகப்பனார், தம் காரைக் கொடுக்கும்போது மட்டும் கெட்டிக்கார மெக்கானிக்கைத் தேடி ஊரெல்லாம் அலைவார்!

இதில் வண்டிக்காரர்களின் பங்கு சிறிதல்ல. முதலில் சொன்ன ரப்பர்க் குழாய் விவகாரத்துக்கே திரும்பலாம். கண்டுபிடித்தவர் ஒரு மணி நேரம் செலவிட்டிருக்கிறார். அதற்கு முன் இரண்டு வருஷம் படித்திருக்கிறார். ஸ்கேனருக்கும் புகைக் கருவிக்கும் பணம் போட்டிருக்கிறார். குழாயின் விலையோடு சோதனைக் கூலி என்று ஐந்நூறு ரூபாய் கேட்டால் வண்டிக்காரர் முகம் சுளிக்கிறார்.

"ஏம்பா, சும்மா பார்த்ததுக்கா ஐந்நூறு?"

இதே மனிதர், தேவையில்லாத பிளக்குக்கும் காயிலுக்கும் சென்சாருக்கும் பல ஆயிரம் ரூபாயைப் பேசாமல் எண்ணிக் கொடுத்தவர். சாமான் கையில் கிடைத்தால் பணம் கொடுக்க மனம் வருகிறது. கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த நிலையில், பட்டறைக்காரர் எதைப் பழகுவார்? கண்டுபிடிப்பதையா, சாமான் மாற்றுவதையா? பையனுக்கு அவர் எதைச் சொல்லிக் கொடுப்பார்?

சில பட்டறைகளில், டாக்டர் பீஸ் போல, சோதனைக் கட்டணம் இவ்வளவு என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். கோளாறைச் சொல்லிவிட்டு, ரிப்பேரை இங்கே செய்தாலும் சரி, வேறிடத்தில் செய்தாலும் சரி என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லா ஊரிலும் அந்தப் பலகை வர வேண்டும். ஐ.டி.ஐ.யில் கற்ற பையன் நாளை சொந்தமாகப் பட்டறை வைக்கும்போது, ஆயுத பூஜைக்கு மாலை போடும் சாமான்களோடு அதையும் வாசலில் மாட்டட்டும். வண்டிக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகாமல் உள்ளே வரட்டும்.